பழைய படங்களில் வீட்டைப் படிப்பது எப்படி: அமெரிக்கத் தென்மாநில வீடுகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அமெரிக்காவின் தென்மாநில வீடு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் மனத்தில் எழுவது, இருபுறமும் ஓக் மரங்கள் கவிந்த பாதையின் முடிவில் நிற்கும் வெள்ளைத் தூண் மாளிகைதான். சினிமாவும் சுற்றுலா விளம்பரங்களும் அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கிவிட்டன. ஆனால் அங்குள்ள ஆவணக் காப்பகங்களில் இன்று இணையம் வழியே யாரும் பார்க்கக்கூடிய பழைய புகைப்படங்களைப் புரட்டினால், மாளிகைகள் சிறுபான்மை என்பதும், மரக்கட்டைகளால் அடுக்கிய குடில்கள், ஒற்றை அறை அகலமே கொண்ட நகர வீடுகள், சேற்றையும் பாசியையும் குழைத்துச் சுவர் எழுப்பிய பண்ணை வீடுகள் என்று அந்த உலகம் மிகப் பரந்தது என்பதும் தெரியவரும். கட்டடக்கலைப் படிப்பு ஏதும் இல்லாமல், வீட்டிலிருந்தபடியே இந்தப் படங்களைப் படிக்கத் தொடங்க விரும்புவோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. தூண்களைக் கடைசியில் பாருங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. அதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

எங்கிருந்து தொடங்குவது

படங்களைத் தேடுபொறியில் தேடாதீர்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர் எல்லாம் உதிர்ந்துபோன நகல்கள். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்துக்கு நேராகச் செல்லுங்கள். அங்கே உங்களுக்கு இரண்டு தொகுப்புகள் முக்கியமானவை.

முதலாவது, 'வரலாற்று அமெரிக்கக் கட்டடங்கள் கணக்கெடுப்பு'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை 'ஹாப்ஸ்' என்பார்கள். பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்து நின்ற கட்டட வரைவாளர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கவும், அழிந்துகொண்டிருந்த கட்டடங்களைப் பதிவு செய்யவும் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த சார்ல்ஸ் பீட்டர்சன் 1933 நவம்பரில் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது இது. இதில் ஒரு கட்டடத்துக்குப் புகைப்படம் மட்டுமின்றி, அளந்து வரைந்த வரைபடங்களும் எழுத்துக் குறிப்புகளும் பல இடங்களில் சேர்ந்தே இருக்கும்.

இரண்டாவது, பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற பெண் புகைப்படக் கலைஞர் கார்னகி நிறுவன நிதியுதவியுடன் 1933 முதல் 1940 வரை உருவாக்கிய தென்மாநிலக் கட்டடக்கலைத் தொகுப்பு. 1864இல் பிறந்த அவர் இந்தப் பணியைத் தொடங்கியபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா ஆகிய மாநிலங்களை முதன்மையாகக் கொண்டு, ஏறத்தாழ 1,700 கட்டடங்களை 7,100க்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்தார். மாளிகைகளை மட்டும் எடுக்காமல், இடிந்து விழும் நிலையிலிருந்த பண்ணைக் குடில்களுக்கும் ஆலைகளுக்கும் அவர் கேமராவைத் திருப்பியதுதான் இத்தொகுப்பின் பெரும்பேறு. புதியவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஹாப்ஸ் படங்கள் அளவெடுக்கும் நோக்கில் எடுக்கப்பட்டவை, ஜான்ஸ்டனின் படங்களோ பார்க்கக் கற்றுக்கொடுப்பவை.

படத்தைத் திறக்கும் முன்பு

ஹாப்ஸ் படங்களுக்கு ஒரு அழைப்பெண், அதாவது நூலகத்தில் படத்தைத் தேடியெடுக்க உதவும் அடையாள எண், உண்டு. மாநிலத்தின் சுருக்கம், அந்த மாநிலத்தின் மாவட்டங்களை அகர வரிசையில் வைத்தால் வரும் எண், ஊர்ப் பெயரின் முதல் சில எழுத்துகள், அந்த ஊரில் அக்கட்டடத்தின் எண், கடைசியில் படத்தின் எண் என்று அது அமைந்திருக்கும். தென் கரோலினாவில் 10 என்று கண்டால் அது சார்ல்ஸ்டன் மாவட்டம். ஊர்ச் சுருக்கத்துக்குப் பின் ஒரு புள்ளியும் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், கட்டடம் ஊருக்குள் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது என்று பொருள். இந்த எண்ணை முதலில் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் பெயர் உரிமையாளருக்கு உரிமையாளர் மாறியிருக்கும், எண் மாறாது.

அடுத்து, திரையில் தெரியும் சிறிய படத்தோடு நின்றுவிடாமல், கிடைக்கும் கோப்புகளில் மிகப் பெரியதைப் பதிவிறக்குங்கள். பெரும்பாலும் அது 'டிஃப்' வடிவில் இருக்கும். இந்தப் படங்கள் பெரிய அளவு நெகட்டிவ்களில் எடுக்கப்பட்டவை, ஆகவே பெரிதாக்கிப் பார்க்கும்போது கதவின் கீல், சன்னல் சட்டத்தில் உரிந்த பெயின்ட், திண்ணையோரம் கவிழ்த்து வைத்த வாளி வரை துலங்கும்.

இரண்டு தேதிகள்

தொடக்கத்தில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரு வீடு 1790இல் கட்டப்பட்டு 1936இல் படம் எடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் பார்ப்பது 1936ஆம் ஆண்டின் வீட்டை. இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட சேர்க்கைகளும் இழப்புகளும் அந்தப் படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டெஸ்ட்ரஹான் பண்ணை வீடு இதற்கு நல்ல பாடம். 1787இல் ஒப்பந்தம் எழுதி 1790இல் முடிக்கப்பட்ட அந்த வீட்டைக் கட்டியவர் சார்ல்ஸ் பக்கே என்ற, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினக் கலப்பின மேஸ்திரி. அந்த ஒப்பந்தப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அன்று மேல்மாடி வராந்தாவில் கூரையைத் தாங்கியவை மெல்லிய மரத்தூண்கள். கிரேக்கக் கோயிலைப் போன்ற வீடே மதிப்புக்குரியது என்ற மோகம் பரவிய 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவற்றின் இடத்தில் 'டோரிக்' என்ற பழைய கிரேக்கப் பாணியிலான பருத்த தூண்கள் வந்தன. படத்தில் தூண்களை மட்டும் பார்ப்பவர் இதனைக் கிரேக்க மறுமலர்ச்சி மாளிகை என்று எழுதிவிடுவார். கூரையைப் பார்ப்பவரோ, வராந்தாவின்மீது படர்ந்து இறங்கும் அந்த நாற்புறச் சரிவுக் கூரை பழைய பிரெஞ்சுக் குடியேற்ற வீட்டினுடையது என்பதைக் கண்டுகொள்வார். தூணைச் செலவு செய்து மாற்றிவிடலாம், கூரையின் வடிவை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. தூண்களைக் கடைசியில் பாருங்கள் என்று நான் சொன்னதன் காரணம் இதுவே.

கூரை, புகைபோக்கி, வராந்தா

பாணியின் பெயரைத் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு, இந்த வீடு வெயிலையும் மழையையும் வெள்ளத்தையும் எப்படிச் சமாளித்தது என்று கேளுங்கள். புகைபோக்கி வீட்டின் பக்கச் சுவருக்கு வெளியே நிற்கிறதா? அடுப்புச் சூடு வீட்டுக்குள் தங்காமலிருக்க தெற்கில் பரவலாகக் கையாண்ட வழி அது. தரைத்தளம் செங்கல் தூண்கள்மீது உயர்ந்திருக்கிறதா? அடியில் காற்று புகவும், ஈரமும் வெள்ளமும் தரையைத் தொடாதிருக்கவும் அப்படிக் கட்டினார்கள். சமையற்கட்டு தனிக் கட்டடமாகப் பின்னால் நிற்கிறதா? தீவிபத்து அச்சமும் வெப்பமும் அதற்குக் காரணங்கள். அங்கே சமைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் என்பது மூன்றாவது காரணம்.

இந்தக் கேள்விகளோடு சார்ல்ஸ்டன் நகரின் 'ஒற்றை வீடு' ஒன்றைப் பாருங்கள். தெருவைப் பார்த்து நிற்பது வீட்டின் குறுகிய பக்கம் மட்டுமே, அதன் அகலம் ஒரே அறை. நீளவாக்கில் உள்ளே நீளும் வீட்டின் ஒரு பக்கம் முழுவதும், தெற்கையோ மேற்கையோ நோக்கி, மாடிக்கு மாடி வராந்தா ஓடும். கடற்காற்றைப் பிடிக்கவும் சுவரில் நேர்வெயில் படாமல் தடுக்கவும் இந்த ஏற்பாடு. படத்தில் தெருவோரம் தெரியும் அழகிய கதவை வீட்டு வாசல் என்று நினைத்துவிடாதீர்கள். அது வராந்தாவின் நுனியில் வைத்த கதவு. அதைத் திறந்தால் நம் திண்ணையைப் போல உள்ளுக்கும் வெளிக்கும் நடுவிலான இடத்தில்தான் கால் வைப்போம். உண்மையான வாசல் வராந்தாவின் நடுவில் இருக்கும், அதைக் கடந்தால் மாடிப்படி, படிக்கு இருபுறமும் ஒவ்வோர் அறை. அடுத்த வீட்டின் வராந்தாவை நோக்கும் பக்கச் சுவரில் சன்னல்கள் குறைவாக இருப்பதையும் கவனியுங்கள். நெருக்கமான நகரத்தில் அண்டை வீட்டாரின் தனிமையைக் காக்கும் நாகரிகம் அது. படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால், வராந்தாவின் திசையையும் நிழல் விழும் பக்கத்தையும் தெருவின் இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டே தீர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி நெகட்டிவ்களைப் பின்புறமாக வைத்து அச்சிடுவது அக்காலத்தில் அரிதன்று.

நியூ ஓர்லியன்ஸில் நீங்கள் மிகுதியாகக் காணப்போவது 'ஷாட்கன்' வீடு. இதுவும் ஒரே அறை அகலம்தான், ஆனால் அறைகளை இணைக்கும் நடைவழி என்பதே கிடையாது. ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். இதன் வடிவம் ஹெய்ட்டியிலிருந்தும் அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது என்று ஆய்வாளர் ஜான் மைக்கேல் விளாக் விரிவாக வாதிட்டிருக்கிறார். வீட்டின் பின்பகுதியில் மட்டும் ஒரு மாடி திமில் போல் எழுந்திருந்தால் அதனை 'ஒட்டக முதுகு' என்பார்கள்.

கிராமப்புறங்களில் 'டாக்டிராட்' வீட்டைத் தேடுங்கள். ஒரே கூரையின்கீழ் இரண்டு அறைகள், நடுவில் காற்றோட்டத்துக்கான திறந்த பாதை, அவ்வளவுதான். பிற்காலத்தில் பலர் அந்தப் பாதையைப் பலகை அடித்து மூடி அறையாக்கிவிட்டார்கள். முன்சுவரின் நடுப்பகுதியில் மட்டும் பலகைகளின் அகலமோ தேய்மானமோ வேறுபட்டிருந்தால், அங்கே ஒரு காலத்தில் காற்று வீசியிருக்கிறது.

கறுப்புவெள்ளைப் படம் சொல்லும் பொய்

19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் மசிந்தன. ஆகவே நீலம் வெளிறி வெள்ளையாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் கருத்துப்போகும். அந்தக் காலப் படங்களில் வானம் எப்போதும் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரங்களில் தீய ஆவிகளை விலக்கும் என்ற நம்பிக்கையோடு வராந்தாவின் உட்கூரைக்கும் கதவுச் சட்டங்களுக்கும் பூசிய வெளிர்நீலம் இத்தகைய படத்தில் வெள்ளையாகவே தெரியும். கருத்துக் கிடக்கும் சுவர் உண்மையில் வெயிலில் ஒளிரும் செங்கல் சுவராக இருந்திருக்கலாம். எல்லா நிறங்களையும் ஓரளவு ஒழுங்காகப் பதியும் படலங்கள் 1920களில்தான் பரவலாயின. எனவே பழைய படத்தைப் பார்த்து 'வெள்ளை வீடு' என்று குறிப்பெழுதாதீர்கள், 'வெளிர் நிறம்' என்று எழுதுங்கள்.

கட்டுமானப் பொருள்களை அடையாளம் காண, பூச்சு உதிர்ந்த இடங்களே உதவும். லூசியானாவில் பூச்சுக்கு அடியில் மரச்சட்டங்களும் அவற்றுக்கிடையே களிமண்ணோடு ஸ்பானியப் பாசியைக் குழைத்து அடைத்த 'பூசியாஜ்' நிரப்பலும் தென்படலாம். ஜார்ஜியா, தென் கரோலினா, வட புளோரிடா கடலோரங்களில் சிப்பி ஓடுகள் துருத்திக்கொண்டிருக்கும் சுவரைக் கண்டால் அது 'டாபி', அதாவது சிப்பிச் சுண்ணாம்பு, மணல், சிப்பி ஓடு, நீர் ஆகியவற்றைக் கலந்து பலகைப் பெட்டிகளில் வார்த்த சுவர்.

தேதி இல்லாத படத்துக்குத் தேதி குறிப்பது

ஒரு சான்றை மட்டும் நம்பி ஆண்டு குறிக்காதீர்கள். குறைந்தது இரண்டு சான்றுகளாவது ஒத்துப்போக வேண்டும். சார்ல்ஸ்டனில் 1886 ஆகஸ்டு 31 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தது. அதன்பின் விரிசல் கண்ட செங்கல் சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டுக்குள் ஊடாக நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வெளிச்சுவரில் வட்டத் தகடுகளால் முடுக்கினார்கள். மாடித்தள உயரத்தில் வரிசையாகத் தெரியும் அந்தத் தகடுகள் இருந்தால் படம் பெரும்பாலும் 1886க்குப் பிந்தியது. ஆனால் தகடு இல்லை என்பதால் முந்தியது என்று முடிவு கட்டக்கூடாது. கிராமப்புறப் படத்தில் மின்கம்பி தெரிந்தால், நாட்டுப்புற மின்மயமாக்கல் நிர்வாகம் 1935இல்தான் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதுவரை அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது.

நகர வீடுகளுக்கு இன்னும் உறுதியான துணை ஒன்று உண்டு. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் தயாரிக்கப்பட்ட சான்பார்ன் வரைபடங்களில் ஒவ்வொரு கட்டடமும் தெரு எண்ணோடு வரையப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரச்சட்டம். மாடிகளின் எண்ணிக்கையும் வராந்தாவின் எல்லையும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றில் பெரும்பகுதியைக் காங்கிரஸ் நூலகத் தளத்திலேயே பார்க்கலாம். ஒரே தெருவின் அடுத்தடுத்த பதிப்புகளை எடுத்து, படத்திலுள்ள பின்கட்டு எந்தப் பதிப்பில் முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

காகிதப் படம் கையில் கிடைத்தால் பின்புறத்தையும் சேர்த்து நகலெடுங்கள். அமெரிக்க அஞ்சலட்டைப் படத்தின் பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் நடுக்கோடு இட்டுப் பிரிக்கப்பட்டிருந்தால் அட்டை 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. கண்ணாடியைப் போலப் பளபளத்து, சாய்த்தால் நெகட்டிவாக மாறித் தெரிவது டேகுரோடைப் என்ற தொடக்ககால உலோகத் தகட்டுப் படம். காந்தம் ஒட்டினால் அது தகரப் படம். இவ்விரண்டிலும் காட்சி பொதுவாக இடம்வலம் மாறியே இருக்கும்.

சட்டகத்துக்கு வெளியே இருப்பவர்கள்

மாளிகையின் முகப்பைப் படித்து முடித்ததும், அதே அழைப்பெண்ணின்கீழ் உள்ள மற்றப் படங்களையும் மனைப்பட வரைவையும் தவறாமல் திறந்து பாருங்கள். பின்னால் வரிசையாக நிற்கும் சிறு குடில்கள் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த இடங்கள். லூசியானாவின் எவர்கிரீன் பண்ணையில் அத்தகைய 22 குடில்கள் இன்றும் நிற்கின்றன. 1930களில் எழுதிய குறிப்புகளில் இவற்றைப் 'பணியாளர் குடியிருப்பு' என்று நாசூக்காகச் சொல்லிச் செல்வது வழக்கம். உங்கள் குறிப்பில் அந்த நாசூக்கு வேண்டியதில்லை. மூலத்தில் உள்ள சொல்லை மேற்கோளுக்குள் வைத்துவிட்டு, அங்கே வாழ்ந்தவர் யார் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அந்தத் தூண்களுக்கான செங்கல்லைச் சுட்டவர்களும் சைப்ரஸ் மரங்களை அறுத்தவர்களும் பல பண்ணைகளில் அவர்களே.

இக்குடில்களின் படங்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தென் கரோலினாவின் பியூபோர்ட்டில் 1862இல் டிமதி ஓ'சல்லிவன், ஒரு பண்ணையின் ஐந்து தலைமுறைக் கறுப்பினக் குடும்பத்தைக் குடிலின் முன் நிறுத்தி எடுத்த படம் புகழ்பெற்றது. அலபாமாவின் ஜீஸ் பெண்டில் 1937இல் ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்த படங்களில், அடிமை முறை ஒழிந்து எழுபதாண்டுகள் கடந்த பின்னும் மரக்கட்டைக் குடில்களில் வாழ்ந்த குத்தகை உழவர்களைப் பார்க்கலாம். சுவர்களில் காற்றைத் தடுக்கச் செய்தித்தாள்களை ஒட்டியிருப்பதும் அவற்றில் தெரியும்.

படக்குறிப்புகளை எழுதியவர்கள் பெரும்பாலும் அன்றைய உரிமையாளர்கள் சொன்னதையே பதிந்தார்கள். 'இன்னார் இங்கே தங்கினார்', 'இத்தனையாம் ஆண்டில் கட்டப்பட்டது' என்பவை குடும்பக் கதைகளாக இருக்கலாம். பத்திரம், வரிப் பதிவு, வரைபடம் ஆகிய ஏதேனும் ஒன்று துணைநிற்கும் வரை அவற்றை 'சொல்லப்படுகிறது' என்ற சொல்லோடு மட்டும் குறித்துவையுங்கள்.

அழிந்த வீடுகள்

சில வீடுகளுக்குப் படமே கடைசி இருப்பிடம். லூசியானாவின் ஒயிட் காசில் அருகே கட்டட வரைவாளர் ஹென்றி ஹவர்ட் வடிவமைத்து 1857இல் முடிந்த பெல் குரோவ் மாளிகை 1952இல் எரிந்துபோனது. 1935இல் வாக்கர் எவன்ஸ் எடுத்த அதன் சிற்றுண்டி அறைப் படத்தில் நாற்காலி, மேசை எதுவும் இல்லை. சுவர்ப்பூச்சு உரிந்துகொண்டிருக்க, இலைவேலைப்பாடு கொண்ட தூண் தலைப்புகள் மட்டும் கம்பீரம் குறையாமல் நிற்கின்றன. அதே மாநிலத்தின் அங்கிள் சாம் பண்ணையை ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரைக்காக 1940இல் இடித்தார்கள். மாளிகையோடு அதன் துணைக் கட்டடங்களும் சேர்ந்த ஒரு முழு வளாகமாக அது நின்றதை ஹாப்ஸ் படங்களிலும் வரைவுகளிலும்தான் இன்று அறிய முடிகிறது.

இதற்கு மாறாக, மிசிசிப்பியின் வின்ட்சர் மாளிகை 1861இல் முடிந்து 1890இல் எரிந்தது. நிற்பவை 23 தூண்கள். முழு வீட்டைக் காட்டும் புகைப்படம் ஒன்றுகூட அறியப்படவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், வடக்குப் படையின் அதிகாரி ஒருவர் தம் நாட்குறிப்பில் வரைந்த கோட்டோவியமே அதன் தோற்றத்துக்குச் சான்று, அதுவும் நூறாண்டுக்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே ஒரு வீட்டுக்குப் படம் கிடைக்கவில்லை என்றால், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிப் பாருங்கள்.

பயன்படுத்தும்போது

அரசுப் பணியாக எடுக்கப்பட்ட ஹாப்ஸ் படங்கள் பொதுவாகப் பொதுவுடைமை. ஜான்ஸ்டன் தொகுப்புக்கும் அறியப்பட்ட தடை ஏதும் இல்லை. அருங்காட்சியகங்களும் தனியார் காப்பகங்களும் வைத்திருக்கும் படங்களுக்கு இது பொருந்தாது, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உள்ள உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டே எடுத்தாள வேண்டும். எங்கே பயன்படுத்தினாலும் எடுத்தவர் பெயர், ஆண்டு, காப்பகம், அழைப்பெண் ஆகிய நான்கையும் படத்தின் அடியிலேயே எழுதுங்கள், கட்டுரையின் கடைசியில் அல்ல. படம் தனியே பிரிந்து போகும்போது குறிப்பும் கூடவே போக வேண்டும்.

முதல் பயிற்சிக்குச் சார்ல்ஸ்டன் மாவட்டத்தின் ஹாப்ஸ் பட்டியலிலிருந்து வரைபடமும் புகைப்படமும் இரண்டும் உள்ள ஒற்றை வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக் குறிப்பைத் திறக்காமல், கூரையில் தொடங்கித் தரை வரை நீங்கள் காண்பதை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். பிறகு வரைபடத்தை எடுத்து, நீங்கள் ஊகித்த மாடிப்படியும் புகைபோக்கியும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எழுத்துக் குறிப்பை அதற்குப் பின்னர் திறந்தால் போதும்.